ஒத்தைப் புருவ டாக்டர்

சிவகங்கை மாவட்டத்தில் சர்க்கரை நோயாளிகளை உண்மை பேச வைத்த ஒரே மனிதர் ஒத்தைப் புருவ டாக்டர்தான். அதட்டியதில்லை, மிரட்டியதில்லை. ஒரு புருவத்தைத் தூக்குவார், அவ்வளவுதான். இன்னொன்றைத் தூக்க அப்போது அவரால் முடியாது. அதற்குக் காரணம் நான்.

சாக்கோட்டையில் காய்ச்சலும் இருமலும் பார்த்துக்கொண்டிருந்தவர், ஐம்பத்தெட்டு வயதில் திடீரென்று அழகு சிகிச்சையில் இறங்கினார். இறங்கிய வேகத்தில் காரைக்குடியில் அதற்கென்று ஒரு டாக்டர்கள் சங்கமும் தொடங்கிவிட்டார். மொத்தம் ஏழு உறுப்பினர்கள். ஆறு பேர் நிர்வாகிகள். மிச்சமிருந்த ஒரே பொதுஜனம் நான். செயலாளரான அவர் தீர்மானங்களை என்னைப் பார்த்துத்தான் வாசிப்பார்.

முதல் பயிற்சி வகுப்பு ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நெற்றிச் சுருக்கத்துக்குப் போடும் போடாக்ஸ் ஊசி. சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் முதலில் என்னைப் போடச் சொன்னார். நெற்றியைக் காட்டச் சம்மதித்திருந்த ரிட்டயர்டு டிரில் மாஸ்டர், என் கை நடுங்குவதைப் பார்த்தார். “கார் லைட்டை அணைக்க மறந்துட்டேன்” என்று வெளியே போனவர் திரும்பவே இல்லை. அவர் வந்தது டவுன் பஸ்ஸில்.

எனக்கு அழுகை முட்டியது. செயலாளர் வந்து, டிரில் மாஸ்டர் விட்டுப்போன நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

“போடுங்கம்மா. நம்ம சொந்த நெத்திதான்.”

“கை நடுங்குது சார்.”

“நடுங்கட்டும். நான் போட்ட முத ஊசி மெத்தையில எறங்குச்சு. மெத்தைக்கு இன்னைக்கு வரைக்கும் ஒரு காய்ச்சல் இல்ல.”

சிரித்ததில் நடுக்கம் போய்விட்டது. வலது பாதி ஒழுங்காக முடிந்தது. இடது பாதிக்குக் குனிந்தேன், தடுத்துவிட்டார்.

“அது இருக்கட்டும். அடுத்த வகுப்புல வேற யாருக்காச்சும் கை நடுங்குமில்ல?”

பயிற்சியாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

நாலைந்து நாளில் மருந்து பிடித்தது. வலது நெற்றி, முட்டை வெள்ளைக் கரு கலந்து பூசிய செட்டிநாட்டு வீட்டுச் சுவர் மாதிரி வழவழத்தது. இடது புருவம் மட்டும், யார் எதைச் சொன்னாலும் ‘நெசமாவா?’ என்பது போல ஏறியது.

சிங்கம்புணரியிலிருந்து அவருடைய பழைய சர்க்கரை நோயாளி ஒருவர் வந்தார். “இனிப்பே தொடுறதில்லங்க.”

புருவம் ஏறியது.

“சரி, கந்தரப்பம் ரெண்டு தின்னேன்.”

டாக்டருக்கு ஆச்சரியம். புருவம் இன்னும் ஏறியது.

“ஏன் சார் அப்படிப் பாக்குறீக? அஞ்சு! சரி, ஏழு! அதுக்கு மேல சத்தியமா இல்ல!”

வீட்டில்தான் வினை. சாம்பார் அருமை என்று சொல்லியிருக்கிறார். புருவம் வேறு மாதிரிச் சொல்லியிருக்கிறது. மனைவி எனக்குப் போன் செய்தார். “ஏம்மா டாக்டரு, மத்த பாதியவும் முடிச்சு விட்டுருங்க. மனுசன் என்னைச் சந்தேகப்படுற மாதிரியே உக்காந்திருக்காக.”

ஊசியோடு போனேன். நெற்றியைக் கையால் மூடிக்கொண்டார். “சொன்னா சொன்னதுதான்.”

அடுத்த மாத வகுப்புக்கு மானகிரியிலிருந்து புதிதாக ஒரு டாக்டர் வந்தார். அவருக்குக் கை மட்டுமல்ல, காலும் நடுங்கியது. இடது பாதி அவருக்குப் போனது.

இரண்டு வாரம் கழித்துச் சான்றிதழ் விழா. மேடையில் செயலாளர் நெற்றியில் ஒரு கோடுகூட அசையவில்லை. “என்ன, இவருக்கு இதுல சந்தோசமே இல்லையா?” என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

என் பெயரைக் கூப்பிட்டார். போய் நின்றேன். சான்றிதழை நீட்டினார். நெற்றியில் ஒரு சுருக்கமும் இல்லாமல், கண்ணீர் மட்டும் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது.