மூடி வேண்டாத மாமனார்

விற்கிற பொருளை ஒருவன் நம்பலாம். பெண் பார்க்கப் போகும்போது கூடவே தூக்கிக்கொண்டு போகும் அளவுக்கு நம்பக் கூடாது. நான் தூக்கிக்கொண்டு போனேன்.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் எனக்கு விற்பனை வேலை. அந்த வருஷம் புதிதாக கார்க் மூடி போட்ட ஜாடி செய்தோம். கார்க் என்பது ஏதோ வெளிநாட்டு மரத்தின் பட்டைதான். அமுக்கினால் அமுங்கும், விட்டால் உப்பி இடத்தை அடைத்துக்கொள்ளும், தண்ணீர் கசியாது. இதையே ஊர் ஊராகச் சொல்லிச் சொல்லி, கார்க்கைக் கண்டுபிடித்ததே நான்தான் என்ற நினைப்பு வந்துவிட்டது. (இப்ப மட்டும் என்னவாம் என்று யாரும் கேக்க வேணாம்.)

சேத்தியாத்தோப்பில் பெண். பெயர் செல்வி. அதற்கு முன் பார்த்த இடங்களெல்லாம் தட்டிப்போயிருந்தன. இவள் போட்டோவைப் பார்த்ததிலிருந்து, இதுவும் தட்டிப்போனால் கல்யாணமே வேண்டாம் என்றிருந்தேன். பெண்ணின் அப்பாவிடம் நல்ல பெயர் வாங்க வேண்டுமே! முதல் நாள் சாயங்காலமே ஜாடி நிறையக் கரும்புச்சாறு பிடித்து, கார்க்கை வைத்து, பூரிக்கட்டையால் நாலு போடு போட்டேன்.

"பழம், பூ போதாதாடா? இது எதுக்கு?" என்றாள் அம்மா.

"ஒரு சொட்டு சிந்தாம போவுது பாரு."

சிந்தவில்லை. மே மாத வெயிலில், பஸ்ஸில் என் மடியிலேயே உட்கார்ந்து வந்தது. உள்ளே சாறு புளித்து நுரைத்துக்கொண்டிருக்கும் என்பது மட்டும் என் விற்பனை மூளைக்கு எட்டவில்லை.

பெண் வீட்டுக் கூடத்தில் ஜாடியை நடுவில் வைத்து, கார்க்கின் பெருமையைப் பேசி முடித்துத் திறக்கப் பார்த்தேன். வரவில்லை. திருகினேன், அசையவில்லை. பெண்ணின் அப்பா, பாவம், உதவலாம் என்று குனிந்தார்.

படார்!

கார்க் அவர் நெற்றியில் அடித்து, பஜ்ஜித் தட்டில் விழுந்தது. பின்னாலேயே பொங்கிய நுரை அவர் வெள்ளைச் சட்டையை நனைத்தது. கூடம் முழுக்கக் கள்ளு வாசனை. அவரோ துளி தொடாதவர்.

"ஏன் தம்பி, பொண்ணு பாக்க வரப்ப கள்ளு எடுத்துக்கினுதான் வருவீங்களா?"

"ஐயையோ, கரும்புச்சாறுங்க! எம்புள்ள டீ கூட அளவாத்தான் குடிப்பான்!" என்று அம்மா கிட்டத்தட்ட அழுதாள். செல்வி எனக்கு இல்லை என்று ஆகிவிட்டது என நினைத்து, பஜ்ஜித் தட்டிலிருந்து கார்க்கை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அப்போது துண்டோடு வந்தாள் செல்வி. அப்பாவின் நெற்றியைத் துடைத்துவிட்டு, ஜாடியைத் தூக்கி ஒரு சுற்று திருப்பிப் பார்த்தாள்.

"இவ்ளோ வெடிச்சும் ஜாடியில ஒரு கீறல் இல்லப்பா. ஒங்க நெத்திதான் வீங்கியிருக்குது."

அவர் அவளை முறைத்தார். அப்புறம் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பிலேயே சம்மதம் வந்துவிட்டது என்று எழுத ஆசைதான். உண்மையில் ஆடி முடியும்வரை இழுத்தடித்தார். கடைசியில் சரி என்றவர், கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலத்தோடு எங்கள் ஜாடியையே கொடுப்பதாகவும் சொன்னார்.

"மூடி மட்டும் வேணாங்க, மாப்ள."

இன்றும் சேத்தியாத்தோப்பில் பல வீடுகளில் அந்த ஜாடி மூடியில்லாமல் இருக்கிறது. கரண்டி போட்டு வைத்திருக்கிறார்கள். மூடி எங்கே என்று கேட்டால் போதும், உட்கார வைத்து, டீ கொடுத்து, முழுக் கதையையும் சொல்கிறார்கள். போன மாதம் ஒரு வீட்டில், நான் யாரென்று தெரியாமல் எனக்கே சொன்னார்கள். அதில் மாமனாருக்கு ஆறு தையல் போட்டிருந்தார்கள்.