மாமா குளித்துக்கொண்டிருந்தபோது என் ரிலே விட்டுவிட்டது

நன்றாக ஓடும் பொருளை அப்படியே விட்டுவைக்க என்னால் முடியாது. இது வியாதி என்பாள் என் மனைவி சுதா. ஆர்வம் என்பேன் நான். மென்பொருள் வேலை எனக்குச் சோறு போடுகிறது. எலெக்ட்ரானிக்ஸ் என் மானத்தை வாங்குகிறது.

கல்யாணமாகி எட்டு மாதம். நாங்கள் ஹைதராபாத்தில், உப்பலில் இருந்தோம். மாமனார், மாமியார் போலாரத்தில், அரசுக் குவார்ட்டர்ஸில். மாமா மத்திய அரசுத் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவர். அதுவரை ஒருநாள்கூட லேட்டாகப் போனதில்லை. அவர் ஓய்வுபெற இரண்டு நாள் இருக்கும்போது மாடித் தண்ணீர்த்தொட்டி விரிசல் விட்டது. தரைத்தொட்டியிலிருந்து மோட்டார் போட்டு நேரே குளியலறைக் குழாய்க்குத் தண்ணீர் அனுப்பினார்கள். யாராவது குளிக்கும்போது இன்னொருவர் மோட்டாரைப் போட்டு அணைக்க வேண்டும்.

"நான் ஒரு பெட்டி செஞ்சு தரேன் மாமா. பட்டனை அழுத்தினா பத்து நிமிஷம் ஓடும், தானா நின்னுடும்" என்றேன்.

"எதுக்கு மாப்பிள்ளை சிரமம்? ஒரு ஆள் நின்னாப் போதுமே" என்றார். அன்று கேட்டிருக்கலாம்.

பெட்டியின் உயிர் ஒரு ரிலே. அதற்குள் ஒரு கம்பிச்சுருள். மின்சாரம் பாய்ந்தால் காந்தமாகி ஒரு சின்னத் தகட்டை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், மோட்டார் ஓடும். செய்து முடித்துத் தொட்டுப் பார்த்தேன். சுருள் சுட்டது. ரிலே என்றால் கொஞ்சம் சுடத்தான் செய்யும். ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை. இணையத்தில் தேடினேன். தகட்டை இழுக்கத்தான் முழு பலம் வேண்டும், ஒட்டிய பிறகு பிடித்துவைக்கப் பாதி பலம் போதும் என்று போட்டிருந்தது. (எங்கள் காதலுக்கு மாமாவைச் சம்மதிக்கவைக்க இரண்டு வருடம் ஆயிற்று. அப்புறம் வாரம் ஒரு போன் போதுமானதாக இருந்தது. அதனால் சட்டென்று புரிந்தது.)

ஒரு ரெசிஸ்டர், அதன் பக்கத்தில் ஒரு கெப்பாசிட்டர். முதல் இழுப்புக்கு முழு பலத்தையும் கெப்பாசிட்டர் கொடுக்கும்; பிறகு ரெசிஸ்டர் குறைத்துவிடும். அதோடு நிறுத்தியிருக்கலாம். பாதி போதும் என்றால் கால் போதாதா என்று பெரிய ரெசிஸ்டராகப் போட்டேன். உப்பல் வீட்டு மேஜைமேல் ஒரு மணி நேரம் பிடித்துக்கொண்டிருந்தது. சுதாவைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.

"ஜில்லுன்னு இருக்கு. அதனால என்ன?" என்றாள்.

மாமாவின் கடைசி வேலை நாள். கும்பகோணத்திலிருந்து வந்த சுதாவின் சித்தி, சித்தப்பா, பிள்ளைகள் என்று ஏழு பேர் ஹாலில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். எட்டரைக்கு மாமாவை அழைத்துப்போக ஆபீஸ் கார் வரும். எட்டு மணிக்குத் துண்டோடு போனார். ஹாலை ஒட்டித்தான் குளியலறை. கதவுக்குப் பக்கத்துச் சுவரில்தான் என் பெட்டி. பட்டனை அழுத்தினேன். மோட்டார் உறுமியது. மாமா கதவைச் சாத்தினார்.

அந்தக் கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தகரம் அடித்த மரக்கதவு. மழையில் ஊறிப் பருத்து, ஓங்கி அறைந்தால்தான் தாழ்ப்பாள் விழும். மாமா அறைந்தார்.

நான் சித்தப்பாவிடம் பெட்டியின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"மோட்டார் சத்தமே கேக்கலையே" என்றார் அவர்.

"அதுதான் டெக்னாலஜி, சித்தப்பா."

குழாயில் தங்கியிருந்த தண்ணீர் மாமா நனைந்து சோப்புப் போடும்வரை வந்திருக்கிறது. கதவு ஒரு சாண் திறந்தது. நுரை அப்பிய ஒரு கை மட்டும் வெளியே வந்தது.

"மாப்பிள்ளை, தண்ணி நின்னுடுச்சு." கண்ணில் சோப்பு இருந்தும் குரலில் மரியாதை குறையவில்லை.

ரிலே ஒருமுறை விட்டுவிட்டால் அந்த கெப்பாசிட்டர் காலியானால்தான் மறுபடி இழுக்கும். பெட்டியை அணைத்து, ஐந்து எண்ணி, போட்டேன். மோட்டார் ஓடியது. "வந்துடுச்சு மாமா" என்றேன். மாமா கதவை அறைந்தார். மோட்டார் நின்றது.

மறுபடி கை. மறுபடி ஐந்து எண்ணினேன். மறுபடி அறை. நாலாவது தடவை கை வந்தபோது வாசலில் கார் ஹாரன் அடித்தது. ஏழு பேரும் காபியை மறந்து என்னையே பார்த்தார்கள். நான் ஸ்க்ரூடிரைவரை வைத்துக்கொண்டு, கரண்ட் குறைவாக வருகிறது என்று மின்வாரியத்தின்மேல் பழி போட்டேன்.

"அவர் கதவைச் சாத்தும்போதெல்லாம்தான் நிக்குது" என்றாள் சுதா, நகத்தைப் பார்த்தபடி.

ஐந்து வருடம் எலெக்ட்ரானிக்ஸ் பித்தனாக இருந்த எனக்கு அது தோன்றவில்லை. கால் பலத்தில் தொத்திக்கொண்டிருந்த தகடு, சுவர் அதிர்ந்ததும் கழன்றிருக்கிறது.

ரெசிஸ்டரை மாற்ற நேரமில்லை. மூடியைக் கழற்றி, சித்தி மகளின் கையிலிருந்த பிளாஸ்டிக் சீப்பைப் பிடுங்கி, அதன் கைப்பிடியால் தகட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். மாமா கதவை அறைந்தார். மோட்டார் ஓடியது. பத்து நிமிடம் நான்தான் ரிலே. கை கடுத்தது. சித்தப்பா பக்கத்தில் வந்து நின்று, "இதுக்கு ஒரு ஆள் சுவிட்சுல நின்னாப் போதாதா?" என்று கேட்டார். உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

மாமா வெளியே வந்தார். சட்டை போட்டார். தலை வார சீப்பைத் தேடினார். என் கையிலிருந்து தானே எடுத்துக்கொண்டார்.

வழியனுப்பு விழாவில் குடும்பத்துக்கு இரண்டாவது வரிசை. மாமா இந்தியும் தெலுங்கும் கலந்து பேசினார். "முப்பத்தாறு வருஷத்தில் இன்றுதான் இருபது நிமிடம் லேட். காரணம், ரெண்டாவது வரிசையில் நீலச் சட்டை" என்றார். நானூறு தலைகள் திரும்பின. அவர் கூட்டத்தைச் சிரிக்கவைத்து அன்றுதான் பார்த்தேன் என்று அத்தை பிறகு சொன்னார். அத்தையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

மறுநாள், "சின்ன ரெசிஸ்டரா மாத்தித் தரேன் மாமா" என்றேன். முப்பத்தாறு வருட ஹைதராபாத் வாசத்தில் ஒட்டிக்கொண்ட, 'வேண்டாம்' என்பதற்கான ஊர்ச் சொல்லால் பதில் சொன்னார்: "நக்கோ."

இப்போது அவர் வாரம் ஒருமுறை போன் செய்கிறார். என் கம்பெனியில் ஆட்களைக் குறைக்கிறார்கள் என்று செய்தி வந்த வாரம் முதல் மணியிலேயே எடுத்தேன்.

"வேலை எப்படி மாப்பிள்ளை? பிடிச்சுக்கிட்டிருக்கா, இல்ல எவனாவது கதவைச் சாத்தினா விட்டுடுமா?"

"பிடிச்சுக்கிட்டிருக்கு மாமா."

"விட்டா இங்க வந்துடுங்க. அத்தை சீப்பு எடுத்து வெச்சிருக்கா."