மூக்கின் மேல் விழுந்த கீறல்

ஒரு தகரப் பெட்டிக்குள் ஒரு நாடு இருந்தது. சிரிக்காதீர்கள், இதைவிடச் சின்ன இடத்தில் இதைவிடப் பெரிய தர்பார் நடப்பதைப் பார்த்தவர்கள்தானே நாம்! அந்த நாட்டில் சொல் வெளியே போக நான்கு வாசல்கள் உண்டு; கணினிக்காரர்கள் அவற்றை சீரியல் போர்ட் என்பார்கள். ராஜாவின் திருமுகத்தை வெளித்திரையில் காட்ட ஒரு சித்திரமாளிகை. அதுதான் வீடியோ கார்டு. திரைக்கு அப்பால் நாட்டின் உடையவர் இருந்தார். பெட்டியின் மூடியைத் திறக்கும் உரிமை அவருக்கு மட்டுமே.

ஒரு கோடையில், பெட்டிக்குள் சூட்டைத் தணிக்கும் விசிறி நின்றுவிட்டது. கீழ்த்தெரு கொதித்தது. நான்காம் வாசலைக் காத்த இருளாயியின் மகள் சூட்டில் சுருண்டு விழுந்தாள். "விசிறி நின்னுபோச்சு, மூடியைத் தொறங்க" என்று இருளாயி எழுத்தெழுத்தாக வெளியே அனுப்பத் தொடங்கினாள்.

வந்தது வினை. நான்காம் வாசலுக்கும் சித்திரமாளிகைக்கும் ஒரே கதவு எண். எந்தப் புண்ணியவான் கொடுத்தானோ! எழுத்தெல்லாம் வெளியே போகாமல் மாளிகைக்குள் போய் விழுந்தது. திரையில் ராஜாவின் மூக்கின் மேல் கோடு கோடாகக் கீறல்.

மகாமந்திரி வித்தகநாதர் சபையைக் கூட்டினார்.

"என் வாசல்ல இருக்கிற ஊசியை அடுத்த ஓட்டையில குத்தினா நம்பர் மாறிடும் சாமி. ஒரு நிமிச வேலை. எம்புள்ள மூச்சு வாங்குறா" என்றாள் இருளாயி.

மந்திரி கண்ணை மூடிக்கொண்டார். "எண்ணை மாற்றினால், முதலில் கொடுத்தது தவறு என்றாகும். கொடுத்தவர் யார்? ராஜாவின் பாட்டனார். பாட்டனார் தவறு செய்வாரா?"

"மாட்டார்!" என்றது சபை. அட கடவுளே, ஒரே ஒரு ஊசி!

சித்திரமாளிகை உறங்கும்போது மட்டும் நான்காம் வாசல் பேசலாம் என்று முதல் ஆணை வந்தது. அந்த மாளிகை என்றைக்கு உறங்கியது? இரண்டாம் ஆணைப்படி, ராஜாவை அழைக்க இரண்டாம் வாசலும் நான்காம் வாசலும் ஒரே மணியை அடிக்க வேண்டும். மணி அடித்ததும் இரண்டு வாசல்காரர்களும் ராஜாவிடம் ஓடினார்கள். யார் அடித்தது என்று தெரியாமல் ராஜா இருவரையும் விரட்டினார். நன்றாக இருந்த இரண்டாம் வாசலும் கெட்டது.

கீறல் மட்டும் நிற்கவில்லை. இருளாயி விடாமல் எழுதிக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் தலைக்கு மேலே கரகரவென்று சத்தம். கீறலைப் பார்த்துச் சலித்த உடையவர் மூடியின் திருகாணியைக் கழற்றத் தொடங்கியிருந்தார். ஒன்று கழன்றது.

"கண்ணைத் தொறடி தங்கம், தொறக்குறாங்க! காத்து வரப்போகுது!" என்று இருளாயி மகளை மடியில் அள்ளிக்கொண்டாள். பாவி, இருளாயிக்கு அழுகை பொங்கியது.

மேலே வந்த சத்தம் மந்திரிக்கும் கேட்டது. "நான்காம் வாசல் என்று ஒன்று இந்நாட்டில் என்றுமே இருந்ததில்லை" என்று மூன்றாம் ஆணையை வாசித்தார். வாசல் அடைபட்டது. கீறல் மறைந்தது. ராஜாவின் முகம் பளிச்சென்று துலங்கியது. அவருக்குப் பின்னால் சுழலும் விசிறி ஒன்றையும் வரையச் சொன்னார் மந்திரி.

உடையவர் திரையை நிமிர்ந்து பார்த்தார்.

"அட, தானாவே சரியாயிடுச்சே! விசிறிகூட என்னமா சுத்துது!"

கழற்றிய திருகாணியை மறுபடி முடுக்கினார்.