தாய்மாமன் தலையில் கலசம்

நாற்பதைத் தாண்டிய ஆண்களுக்கு ஏதாவதொரு பைத்தியம் பிடிக்கும். சிலருக்கு மீன் தொட்டி, சிலருக்குச் சைக்கிள். எனக்கு இரும்புக் கவசம் மாட்டிக்கொண்டு அடி வாங்குகிற பைத்தியம். (அதுவும் காசு கொடுத்து! வீட்டில் இலவசமாகவே கிடைத்துக்கொண்டிருந்தது.)

ஆயர் குரோவில் ஒரு பழைய பூப்பந்து மண்டபத்தில் ஞாயிறுதோறும் கூடி, அந்தக் காலத்துப் போர்வீரர்கள் மாதிரி மழுங்கிய வாளால் நிஜமாகவே சாத்திக்கொள்வோம். மற்றவர்கள் தலையில் வாளி மாதிரி ஐரோப்பியக் கவசம். எனக்கோ கீழைநாட்டுத் தலைக்கவசம்தான் வேண்டும்: கூரான உச்சி, முகத்துக்குக் கண் ஓட்டை வைத்த தகடு, கழுத்தைச் சுற்றி இரும்பு வளையத் திரை. செய்து தருகிறவர்கள் தலையை அளந்து அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். உள்ளே போடும் பஞ்சுத் தொப்பியோடு சேர்த்து அளக்க வேண்டும் என்ற வரியை மட்டும் படிக்கவில்லை.

கவசம் வந்த மறுநாள் காலை பெம்பான் கோயிலில் தங்கச்சி மகள் யாழினிக்குக் காதுகுத்து. தாய்மாமனான என் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். பல வருடம் காத்திருந்து பிறந்த பிள்ளை. போன தடவை அது ஆசாரியின் கையைக் கடித்து, ஊரையே கூட்டும்படி கத்தி, காரியம் நின்றுபோனது.

“அண்ணே, இந்த வாட்டியாச்சும் ஒழுங்கா நடக்கணும்ணே” என்று தங்கச்சி கண்கலங்கிச் சொல்லியிருந்தாள்.

ஒழுங்கான அண்ணன் என்ன செய்வான்? குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போவான். நான் விடிந்ததும் புதுக் கவசத்தை மாட்டி ஒரே ஒரு ரவுண்டு ஆட மண்டபத்துக்குப் போனேன். பஞ்சுத் தொப்பி என் வியர்வையைக் குடித்து உப்பி, கவசம் கழல மறுத்துவிட்டது. இரண்டு பேர் காலைப் பிடிக்க, இரண்டு பேர் தலையைப் பிடித்து இழுத்தார்கள். நீண்டது என் கழுத்து மட்டும்தான்.

நேரமாகிவிட்டது. வேட்டியைக் கட்டி, கூட்டாளியின் காரில் ஏறினேன். உச்சி கூரையில் இடித்ததால் பெம்பான் வரை தலைகுனிந்தே போனேன். (போய்ச் சேர்ந்த பிறகும் நிமிரவில்லை.)

முதலில் பார்த்தது மச்சான். “அடியே, ஒங்கண்ணன் கோபுரக் கலசத்தத் தலையில கவுத்துக்கிட்டு வந்திருக்காருடி!”

“கழட்டுண்ணே!”

“வர மாட்டேங்குதும்மா.”

சமையல்காரர் நல்லெண்ணெய் ஊற்றிப் பார்த்தார். என் காதுதான் நிறைந்தது.

“நல்ல நேரம் முடியப் போவுது லா. வேற மாமன் யாரும் இல்லியா?” என்றார் ஆசாரி.

தங்கச்சி என்னை மேலும் கீழும் பார்த்தாள். “எனக்கு இருக்கிறது இந்த ஒரு அண்ணன்தாங்க. சட்டியோ பானையோ, அவரு மடியிலதான் குத்தணும்.”

யாழினியை மடியில் வைத்தார்கள். அது என்னைப் பார்த்து வாயைத் திறந்தது. ‘அழாதேடா’ என்று தலையை ஆட்டினேன். வளையங்கள் கலகலத்தன. பிள்ளை சிரித்துவிட்டது! ஒரு கையால் திரையைப் பிடித்துக் குலுக்கியது. மறு கை விரலைக் கண் ஓட்டைக்குள் விட்டது. ஒரு காது. இன்னொரு காது. பிள்ளையிடம் ஒரு முனகல்கூட இல்லை. அலறியது நான்தான், விரல் என் கண்ணுக்குள் இருந்தது.

மத்தியானம் பஞ்சைக் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டி உருவித்தான் தலையை மீட்டார்கள். படங்களில் எல்லாம் தாய்மாமனுக்கு முகமில்லை.

யாழினி இப்போது பள்ளிக்குப் போகிறாள். போன மாதம் பாயா ரும்புட்டிலிருந்து சொந்தக்காரப் பையன் போன் செய்தான். “மாமா, மகளுக்குக் காதுகுத்து. ஒங்க கலசம் வேணும்.”

நெஞ்சு நிமிர்ந்தது. “எத்தன மணிக்கு வரணும்?”

“நீங்க ஏன் மாமா அலையிறீங்க? கலசத்த மட்டும் குடுத்து விடுங்க, போதும்.”