கப்பலேறாத கத்தலீனா

எனக்கொரு வருத்தம் இருக்கு. டொக்டரிட்டைக் காட்டுற வருத்தமில்லை, வாயிலை உள்ள வருத்தம். ஒரு தமிழ் ஆளைக் கண்டால் "ஊரிலை எவடம், ஆற்றை ஆள்?" எண்டு கேக்காமல் விட ஏலாது. இஞ்சை பாரிசிலை லா சப்பல் தமிழ்க் கடையளிலை முருங்கைக்காய் தெரிஞ்சுகொண்டு நிக்கிற சனத்தை மூண்டே மூண்டு கேள்வியிலை அதின்ரை பூட்டன் வரைக்கும் கொண்டுபோய் விட்டிடுவன். (மரக்கறிக்கடைத் தம்பி நான் வாறதைக் கண்டால் தராசுக்குப் பின்னாலை ஒளிக்கிறவன். அவன்ரை தாய்மாமன் கதை எனக்குத் தெரியும்.)

நான் பள்ளிக்கூடப் பக்கம் போகேல்லை. இஞ்சை வந்தும் கையெழுத்துக்கு ஒரு சிலுவைதான் கீறுறன். அதாலை கேட்டது ஒண்டும் மறக்காது. மறந்தால் எந்தக் கொப்பியிலை போய்ப் பாக்கிறது?

என்ரை மகன்ரை பெட்டை மெலனி ஒரு நாள், கட்டப்போறவன் எண்டு ஒரு பெடியனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பேர் மத்தேயோ. நல்ல பெடியன், கதிரையை இழுத்துச் சத்தம் போடாமல் தூக்கி வைச்சிட்டுத்தான் இருந்தவன். தாய் தேப்பன் பெருநாட்டுக்காரர், பாரிசுக்கு வெளியிலை பொண்டியிலை வீடு. பெரு எண்டது எங்கடை ரயில் போற செவ்ரானுக்கும் அங்காலையோ எண்டு கேட்டன். பேத்தி என்னை ஒரு பார்வை பாத்தாள்.

அடுத்த ஞாயிறு பெடியன்ரை தாய்க்காறி கோப்பி குடிக்க வந்தா, மதாம் எண்டுதான் நான் கூப்பிடுறது. வெறுங்கையோடை வரேல்லை, பாய் மாதிரிச் சுருட்டின ஒரு கடதாசி கொண்டுவந்தா. விரிச்சால் எங்கடை சாப்பாட்டு மேசை காணாது. அவவின்ரை வம்சமாம். பதினாலு தலைமுறை. ஆம்பிளைக்குப் பச்சைப் பெட்டி, பொம்பிளைக்கு றோசாப் பெட்டி. உச்சியிலை பொன் கோட்டுக்குள்ளை இரண்டு பேர், லொறென்சோவும் மனுசி கத்தலீனாவும். ஸ்பெயினிலையிருந்து பெருவுக்கு முதல் முதல் போய்க் குடியேறின ஆக்கள். அவைக்குக் கீழை, அங்கை பிறந்த ஒன்பது பிள்ளையள். லொறென்சோ கப்பலாலை இறங்கினானாம், காணி எடுத்தானாம், கோயில் கட்டினானாம். (அந்தக் காணியிலை முதலே இருந்த சனம் என்ன செய்தது எண்டு கேட்டன். மெலனி அதைப் பிரெஞ்சிலை மாத்திச் சொல்லேல்லை.)

எனக்கு வலு சந்தோசம். லா சப்பலிலை இவ்வளவு காலம் திரிஞ்சும் பதினாலு தலைமுறையைக் கையிலை சுருட்டிக்கொண்டு வந்த சம்மந்தியை நான் கண்டதில்லை. ஒவ்வொரு பெட்டியாய் வாசிப்பிச்சுக் கேட்டன். மதாம் போகேக்கை முழுப்பேரையும் மேலையிருந்து கீழை பாடமாய்ச் சொன்னன். மனுசி என்னைக் கட்டிப்பிடிச்சுக் கொஞ்சிப்போட்டுப் போனா.

அதோடை விட்டிருக்கலாம். ஆனால் பெடியன் வீட்டுக்காரர் சொன்னதை மட்டும் கேட்டு ஆரும் சம்மந்தம் செய்வினமோ? பிறத்தி ஆளிட்டை விசாரிக்க வேணும். அதுதான் முறை. என்ரை மருமகள் ஜெயா, "மாமி, அவன் ஊரைவிட்டுப் போய் நானூற்றி அம்பது வரியம். ஆரிட்டை விசாரிக்கப் போறியள்?" எண்டு கேட்டாள். அவளுக்கு என்னிலை பழைய கோவம் ஒண்டு. அவளைப் பொம்பிளை பாக்கேக்கை அவளின்ரை ஊருக்கு நான் மூண்டு தரம் ஆள் விட்டு விசாரிச்சனான். தேப்பன் குடிக்கிறவரோ எண்டு பக்கத்து வீட்டிலை கேட்ட கதை எப்பிடியோ அவளின்ரை காதுக்குப் போயிட்டுது.

என்ரை அக்காவின்ரை மகன் அன்ரன் ஸ்பெயினிலை ஒரு சாப்பாட்டுக்கடையிலை நிக்கிறான். அவனுக்கு ரெலிபோன் அடிச்சன். லொறென்சோவின்ரை ஊருக்குப் போ, கோயில் புத்தகத்தைப் பார், அயலட்டையிலை என்ன மாதிரிச் சனம் எண்டு கேள் எண்டன்.

"சின்னம்மா, அந்த அயலட்டை முழுக்கச் செத்துப்போச்சுது," எண்டான்.

"பேரப்பிள்ளையள் இருப்பினம். போய்க் கேள்."

பாவம், தன்ரை லீவு நாளிலை மூண்டு மணித்தியாலம் பஸ்ஸிலை போயிருக்கிறான். அந்த ஊர் வாத்தியார் ஒருத்தர் கோயிலின்ரை பழைய புத்தகங்களைப் படம் எடுத்து வைச்சிருந்தவராம். அன்ரன் பெருநாட்டுக் கதையைச் சொல்ல அந்தாள் ஒரு பக்கத்தைக் காட்டினாராம். லொறென்சோவின்ரை மனுசி கத்தலீனா செத்து, அவவைத் தாட்டது அந்தக் கோயில் முற்றத்திலைதான். புருசன் கடலுக்கு அங்காலை, இருபது வரியமாய் ஒரு சேதியும் இல்லை எண்டும் எழுதிக் கிடக்காம். அந்தப் பக்கத்தைப் படமாய் எனக்கும் அனுப்பினவன்.

கேட்டவுடனை எனக்கு விளங்கிட்டுது. கப்பலேறாத மனுசி பெருநாட்டிலை என்னெண்டு ஒன்பது பிள்ளை பெறுவா?

உடனை சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. நான் இரண்டு கிழமை அதை நெஞ்சுக்குள்ளை வைச்சுக்கொண்டு திரிஞ்சன். கலியாண நாள் வைக்கிறதுக்குப் பொண்டியிலை சாப்பாடு. ரயிலிலை போகேக்கை மெலனி என்ரை கையைப் பிடிச்சாள். "அப்பம்மா, இண்டைக்கு ஒண்டும் கேக்காதேங்கோ. எனக்காக." ஓமெண்டு சிலுவை போட்டுச் சத்தியம் பண்ணினன். அந்தச் சத்தியம் கோழிக்கறி வரைக்கும் நிண்டது.

வம்சக் கடதாசி அங்கை பிறேம் போட்டுச் சுவரிலை. அதுக்குக் கீழை மத்தேயோவின்ரை தேப்பன் இருந்து பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மதாம் எழும்பிப் போய் ஒரு பெட்டி கொண்டுவந்தா. உள்ளை ஒரு லேஸ் முக்காடு. கத்தலீனா ஸ்பெயினிலையிருந்து கப்பலிலை கொண்டுவந்ததாம். அவையின்ரை வீட்டுப் பொம்பிளையள் எல்லாரும் இதைப் போட்டுத்தான் தாலி, சீ, மோதிரம் மாத்தினவையாம். அதை மெலனியின்ரை தலையிலை வைச்சா. மெலனிக்குக் கண் கலங்கிட்டுது. எல்லாருக்கும் கலங்கிட்டுது.

நான் சொன்னன், "அந்த மனுசி கப்பலே ஏறேல்லையே."

தமிழிலைதான் சொன்னன். மெலனி மாத்திச் சொல்லாட்டி ஒரு குருவிக்கும் விளங்காது. அவள் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டாள். மதாம் என்ரை முகத்தைப் பாத்து, பாட்டி என்ன சொல்லுறா எண்டு ஆசையோடை கேக்கிறா. மரியாதைக்கு மறுமொழி சொல்லத்தானே வேணும்? எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சு மெத்ரோ ரயிலிலை போய்வர மட்டும் காணும். பா எண்டால் இல்லை, பத்தோ எண்டால் கப்பல். எழும்பி நிண்டு, கையாலை கடலும் காட்டி, வடிவாய்ச் சொன்னன்:

"கத்தலீனா, பா பத்தோ."

விளங்கேல்லையோ எண்டு கையைக் குறுக்கை வைச்சுக் கண்ணை மூடிச் செத்தும் காட்டினன். பிறகு அன்ரன் அனுப்பின படத்தை ரெலிபோனிலை எடுத்து மத்தேயோவிட்டைக் குடுத்தன். அவன் ஸ்பானிய மொழியிலை உரத்து வாசிச்சான். வாசிக்க வாசிக்கக் குரல் இறங்கிக்கொண்டு போச்சுது.

அப்பதான் தேப்பன் கரண்டியை வைச்சார். அந்தாள் பெருவிலை மலைப்பக்கத்து ஆள், அந்த மண்ணிலையே ஆதியிலையிருந்து இருந்த சனம். முப்பது வரியமாய் லொறென்சோவுக்குக் கீழையிருந்து சாப்பிட்டவர். "அப்ப அந்த ஒன்பது பிள்ளையளையும் பெத்தது என்ரை ஆக்களிலை ஒருத்தி," எண்டார். சொல்லிப்போட்டு மேசையிலை தலையை வைச்சுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சார். மதாம் குசினிக்குள்ளை போய்க் கதவைச் சாத்தினா. மெலனி லேஸைக் கழட்டி மடிச்சு வைச்சாள்.

"இப்ப சந்தோசமோ, அப்பம்மா?"

நான் ரெலிபோனை வாங்கிப் பைக்குள்ளை வைச்சிட்டு எழும்பினன்.

மன்னிப்புக் கேக்கக் குசினிக்குள்ளை போனன். மாத்திச் சொல்ல மெலனியும் பின்னாலை வந்தாள். மதாம் கண்ணைத் துடைச்சுக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டா. "சரி, உங்கடை தாயின்ரை தாயின்ரை தாய் ஆர்?"

நான் வாயைத் திறந்தன். பாட்டன் தெரியும், பூட்டன் தெரியும், பூட்டனுக்கு எத்தினை தோணி எண்டும் தெரியும். தாய், தாயின்ரை தாய், அதுவும் சரி. அவவின்ரை தாய்? பெரியாச்சி எண்டுதான் வீட்டிலை சொல்லுறவை. பேர்? ஊர் உலகத்தையெல்லாம் ஆற்றை ஆள் எண்டு கேட்டுத் திரிஞ்ச நான், என்னைப் பெத்த வழியை ஒருக்காலும் கேக்கேல்லை.

"பா நொம்," எண்டன். பேர் இல்லை.

மதாம் என்னை வடிவாய்ப் பாத்தா. பிறகு மூக்கை உறிஞ்சிப்போட்டுச் சிரிச்சா. இரண்டு பேரும் குசினியிலை நிண்டபடி சட்டியிலையிருந்த மிச்சக் கோழியைத் திண்டம். வெளியிலை வந்து நாள் வைச்சம்.

கலியாண மண்டபத்திலை இரண்டு வம்சக் கடதாசி தொங்கினது. அவையின்ரையிலை கத்தலீனாவை ஒரு பக்கம் தள்ளிப்போட்டு லொறென்சோவுக்குப் பக்கத்திலை பேரில்லாத றோசாப் பெட்டி ஒண்டு. எங்கடையை ஜெயா கீறினவள். அதிலும் பெரியாச்சிக்குப் பேரில்லாத பெட்டி. தன்ரை தேப்பன்ரை பெட்டிக்குக் கீழை "குடிக்கிறேல்லை" எண்டு எழுதியிருக்கிறாளாம். வாசிக்கத் தெரியாததாலை எனக்கு அது கலியாணம் முடிஞ்சுதான் தெரியும். லேஸையும் மெலனி போட்டவள். ஆர் கொண்டுவந்தால் என்ன, வடிவாயிருந்துது.

இப்ப நான் ஆரையும் கண்டு "தம்பி, ஊரிலை எவடம்" எண்டு தொடங்கினால் போதும், பையோடை பின்னாலை வாற மத்தேயோ "பா பத்தோ, அப்பம்மா" எண்டு கத்துவான். வீட்டிலை எல்லாருக்கும் அதே பாட்டு. போன சனிக்கிழமை மரக்கறிக்கடைத் தம்பியும் தராசுக்குப் பின்னாலையிருந்து தலையை நீட்டிச் சொல்லிப்போட்டான்.

அவன்ரை தாய்மாமன் கதையை நான் இவ்வளவு நாளும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. வாற கிழமை சொல்லுவன்.