ஒரு சட்டையை வைத்து ஒரு சட்டம்

அச்சகத்தில் பிழை திருத்துகிறவருக்கு அன்று மூக்குக்கு மேல் கோபம் வந்தது. காரணம் ஒரு சட்டை. அவர் மடித்து வைத்த ஒரே ஒரு சட்டை.

மனைவி அதை அலமாரியிலிருந்து இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள். ஒரு கை உள்ளே சிக்கி, ஒரு கை வெளியே தொங்கி, காலர் கவிழ்ந்து, அடிதடியில் சிக்கிய ஆள் மாதிரி இருந்தது அது.

"ஆம்பளைங்களுக்குத் துணி மடிக்கத் தெரியாதுங்க. அவ்வளவுதான்."

அவரை மட்டும் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பார். பதினெட்டு வருடமாக அதைத்தானே செய்கிறார்! ஆண்குலத்தையே அல்லவா இழுத்துவிட்டாள்?

"ஏம்மா, ஒரு சட்டையை வச்சு ஒரு சட்டமே போட்டுட்டியே! ஒரு பக்கத்துல பிழை இருந்தா புத்தகமே பிழையா?"

"நான் ஒரு பக்கம்தான் பாத்தேன். மத்த பக்கத்தைக் காட்டுங்க."

காட்டினார். கொடியிலிருந்து வந்த கூடையைக் கூடத்தில் கவிழ்த்தார். விளிம்போடு விளிம்பு சேர்த்து, சுருக்கம் நீவி, பத்தொன்பது துணியை மடித்தார். போர்வை மட்டும் மல்லுக்கு நின்றது. முழங்காலால் அமுக்கி அதையும் வழிக்குக் கொண்டுவந்தார்.

மனைவி அடுக்கைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"பிரமாதம். ஆனா நீங்க விதிவிலக்கு."

"என்னது?"

"ஆம்பளைங்களுக்கு மடிக்கத் தெரியாது, உங்களைத் தவிர."

அரை நிமிடம் இனித்தது. அப்புறம் கொதித்தது.

"இப்படித் 'தவிர, தவிர'ன்னே போனா எந்த விதிதான் தோக்கும்? இரு, இன்னொரு ஆம்பளையைக் கூட்டிட்டு வரேன்!"

எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். திறந்தவர் பஸ் டிரைவர். அன்று அவருக்கு விடுமுறை. இடுப்பளவு துணிக்கு நடுவில் நின்றார்.

"சார், காலையிலேர்ந்து மூணாவது கூடை! ஆம்பளைங்களுக்கு மடிக்கத் தெரியாதுன்னு என்னைப் பாத்தே சொல்றா என் பொண்டாட்டி. விட்டுடுவேனா? இப்ப என்னை மட்டும் விதிவிலக்குங்கறா!"

பிழை திருத்துகிறவர் அவரைக் கையோடு இழுத்து வந்து மனைவி முன்னால் நிறுத்தினார்.

"இதோ ரெண்டாவது ஆள்! உன் விதி செத்துது!"

"தோத்துட்டேங்க," என்றாள் மனைவி, கொஞ்சமும் வருத்தமில்லாமல். "ஆம்பளைங்களுக்கு நல்லாவே மடிக்கத் தெரியும். இனிமே இதுதான் விதி."

ஆண்கள் இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

எதிர்வீட்டிலிருந்து டிரைவர் மனைவியின் குரல் வந்தது: "அக்கா, புது விதி நம்ம ரெண்டு வீட்டுக்குந்தானே?"

"பின்னே! தெரிஞ்சவங்க செய்யறதுதானே முறை?"

குலுக்கிய கை அப்படியே நின்றது.

"அநியாயம்! ரெண்டே ரெண்டு பேரை வச்சு விதியா?" என்று கத்தினார் பிழை திருத்துகிறவர்.

"நீங்கதானே சாட்சியோட நிரூபிச்சீங்க?"

"எல்லாம் என் விதி!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து இரண்டு வீட்டிலும் துணி மடிப்பது ஆண்கள்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விதிவிலக்கு: அன்றைக்கு இஸ்திரியும் உண்டு.