காட்டேரி அக்காவின் இங்கிலீஷ்

தாம்பரத்தில் ரயில் ஏறி, கிண்டியில் இறங்குவதற்குள் ஒரு ரத்தக்காட்டேரியோடு குடித்தனமே நடத்திவிட்டு வந்த ஒரே பெண்மணி, எனக்குத் தெரிந்து, எங்கள் காட்டேரி அக்காதான். மகளிர் பெட்டியில் நாங்களெல்லாம் கீரை ஆய்வோம், செல்போனில் சீரியல் பார்ப்போம். அக்கா மட்டும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய, அட்டை கிழிந்த பழைய இங்கிலீஷ் நாவலை மூக்குக்கு நேரே பிடித்திருப்பார். பாழடைந்த கோட்டை, ஒரு பிரபு, கழுத்தில் பல் என்று போகும் கதை.

எல்லாம் புது மேனேஜரால் வந்த வினை. நானும் அக்காவும் வேலை பார்த்தது கிண்டியில் ஒரு பம்ப்செட் கம்பெனியில். முன் கவுன்டர் அக்காவின் ராஜ்ஜியம். "மூணு மாசத்துல இங்கிலீஷ் வரலன்னா, சிங்கப்பெருமாள் கோவில் கோடவுனுக்கு மாத்திடுவேன்" என்றார் மேனேஜர். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேரச் சொன்னேன்.

"மை நேம் இஸ் சொல்றதுக்கு ஒரு கிளாஸா? போடி! பயந்துகிட்டே படிச்சாதான் வார்த்தை மண்டையில நிக்கும்."

ரயிலில் படித்த வார்த்தையை அன்றைக்கே யார் மீதாவது பிரயோகித்துவிட வேண்டும் என்பது அக்காவின் சட்டம். டிக்கெட் பரிசோதகரிடம் சீசன் டிக்கெட்டை நீட்டி, "யூ ஆர் வெரி பேல், சார். வெளுத்துப் போயிருக்கீங்க, இரும்புச் சத்து மாத்திரை போடுங்க" என்றார். அந்த மனிதர் அடுத்த பெட்டிக்கு ஓடினார். குடியிருப்புச் சங்கச் செயலாளருக்கும் ஒன்று விழுந்தது. "நம்ம தண்ணி மோட்டார் அன்டெட் சார். ஓடவும் மாட்டேங்குது, சாகவும் மாட்டேங்குது."

கெடு முடிந்த அன்று, ஒரு வாடிக்கையாளர் முன்னால் அக்காவைப் பேசச் சொன்னார் மேனேஜர். அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"திஸ் பம்ப் இஸ் இம்மார்ட்டல், சார். டே அண்ட் நைட், இட் இஸ் தர்ஸ்ட்டி. ஈவன் ஃப்ரம் எ டெட் வெல், இட் வில் சக் தி லாஸ்ட் டிராப்!"

ஆபீசே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"போதும், உக்காருங்க" என்றார் மேனேஜர், பல்லைக் கடித்தபடி.

"இன்னும் முடிக்கல சார்" என்று அக்கா கடைசி வரை பேசிவிட்டுத்தான் உட்கார்ந்தார். வாடிக்கையாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒரு பம்ப் வாங்கிப் போனார். மேனேஜர் அசரவில்லை. மறுநாளே கோடவுன் உத்தரவு வந்தது.

"தோத்துட்டோமேக்கா."

"எவடி தோத்தது? கோடவுன் எதிர்த் திசையிலதானே, செங்கல்பட்டு வண்டி காலியா வரும். காலை நீட்டிப் படிக்கலாம். அடுத்த பேயை வாங்கிட்டேன்!"

இப்போது காலையில் அவர் எதிர் பிளாட்பாரத்தில் நிற்கிறார். தண்டவாளங்களுக்கு அந்தப் பக்கமிருந்து, புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, அன்றைய வார்த்தையைத் தொண்டை கிழியக் கத்துகிறார். எனக்குப் பாதி நாள் அர்த்தம் தெரிவதில்லை. ஆனாலும் மொத்த ஸ்டேஷனும் திரும்பிப் பார்க்க, அதையே நானும் திருப்பிக் கத்துகிறேன். அவருடைய வண்டி கிளம்பும் வரை என் வண்டி வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொள்கிறேன்.